திருமதி எஸ்ஸின் கணவர்

மற்ற கல்லூரிகளில் புதிதாகச் சேருகிறவர்களை வாசலிலேயே சந்தனமும் கல்கண்டும் கொடுத்து வரவேற்பார்கள். மேடை இருக்கும், குத்துவிளக்கு இருக்கும், யாராவது ஒரு பிரமுகர் தாமதமாக வந்து நீளமாகப் பேசுவார். கொடைக்கானல் மலையிலிருந்த அந்தப் பொதுச் சுகாதாரக் கல்லூரியில் அதெல்லாம் கிடையாது. முதுகலை வகுப்பு தொடங்கிய முதல் சனிக்கிழமை காலையில் ஜீப்பில் ஒரு முரட்டுக் கம்பளியைத் தூக்கிப் போடுவார்கள். அதன்மேல் புது மாணவர்கள் ஏறி உட்காருவார்கள். அதுதான் வரவேற்பு. எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

லாவண்யா கம்பளியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு எங்களை ஏதோ ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம் என்று முந்தின நாள் சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தாள். மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னாள்.

“நாளைக்கு மட்டும் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கயேன் பாப்பா,” என்றார் அப்பா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே டாக்டர்கள், பொய்க் காய்ச்சலைக் கையைத் தொட்டே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். அப்பா சிரிக்கவில்லை. தலைக்குத் துண்டு கட்டிக்கொள், குளிர் காதுக்குள் இறங்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜீப்பின் முன்சீட்டில் சஃபீர். இரண்டாம் வருடம் படிக்கிறவன். பஜாரில் அவன் அப்பாவுக்கு ஸ்வெட்டர் கடை. மெல்லிய சட்டை போட்டு நடுங்கிக்கொண்டிருந்த ஒட்டன்சத்திரத்துப் பையன் ஃபவாஸைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, நம்ம கடைக்கு ஒரு எட்டு வாங்க. ஜூனியருக்கெல்லாம் டிஸ்கவுண்ட் கிடையாது, ஆனா டீ உண்டு,” என்றான். ஜீப்பே சிரித்தது.

வண்டி பிரதான சாலையை விட்டு விலகி, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே குலுங்கியபோதுதான் லாவண்யாவுக்கு உறைத்தது. இந்தத் திருப்பம் அவளுக்குத் தெரியும். அடுத்த திருப்பமும் தெரியும். ஜீப் ஈத்தக்கானலுக்குப் போகிறது. அவள் பிறந்த ஊருக்கு.

ஆறு வயது வரை அவள் அங்கேதான் இருந்தாள். அம்மா சிவபாக்கியம் பிரசவத்தில் இறந்த பிறகு, பழனியில் இருந்த சித்தி பாண்டிச்செல்வி வந்து கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடையில் வேலை. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் பழனியில்தான். அப்பா சுப்புராஜ் பீன்ஸ் மூட்டையை ஒட்டன்சத்திரத்தில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து மகளைப் பார்க்க வருவார். மே மாத லீவுக்கு அவள் மலைக்கு ஏறுவாள். வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் மாதத்தில் ஊரில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

கல்லூரிக்கும் அவளைப் பழனிப் பெண்ணாகத்தான் தெரியும். நேர்முகத் தேர்வில், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். அம்மா என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செத்துப்போனவளைக் காட்டி ஸீட்டு கேட்கிற மாதிரி இருக்குமே என்று விழுங்கிவிட்டு, ஆர்வம் என்று சொல்லிவைத்தாள். உண்மையில் அந்த ஒரு காரணத்தைத் தவிர வேறு காரணமே கிடையாது. அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டபோதெல்லாம் மழை பாப்பா, ரோடு இல்லை பாப்பா, வண்டி வரலை பாப்பா என்று அப்பா சொல்லிச் சொல்லியே அவள் இந்தப் படிப்பை எடுத்தாள்.

இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். வீட்டு வாசலுக்குப் போனதும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து எல்லாருக்கும் அறிமுகப்படுத்தலாம். சஃபீரின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தபோதே உதட்டில் சிரிப்பு வந்தது.

தார் ரோடு முடிகிற இடத்தில், ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர்மேல் பேராசிரியர் ரோஷன் பேகம் உட்கார்ந்திருந்தார். சால்வையைத் தலையோடு சுற்றியிருந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. குரலை உயர்த்தாமலே கூட்டத்தை அடக்கக்கூடியவர்.

போன், நோட்டு, பேனா எல்லாம் ஜீப்பிலேயே இருக்கட்டும் என்றார். இந்தக் கல்லூரியை ஆரம்பித்த பெரியவர் வைத்த வழக்கம் அது. ஒரு சாவைப் பற்றிக் குறிப்பெடுக்கக் கூடாது, மனப்பாடமாகத்தான் கற்க வேண்டும். ஒரு வகுப்பு தனக்கு அடுத்த வகுப்புக்கு வாயால் சொல்லிக் கொடுக்கும். எழுதி வைக்கிறவன் மறந்துவிடுவான் என்பது பெரியவரின் எண்ணம்.

ஒற்றையடிப் பாதை கீழே இறங்கியது. பாதி வழியிலேயே இரண்டு பேர் வழுக்கி விழுந்து எழுந்தார்கள். லாவண்யாவின் கால் மட்டும் தானாகக் கல் பார்த்து விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் நின்றது அவள் வீட்டு வாசலில்.

சுப்புராஜ் ஒரு தாம்பாளத்தில் சுக்குக் காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். சீனியர்களுக்கு அவர் பழக்கமானவர் போலிருந்தது. எங்க அண்ணன் காப்பி குடிக்காமல் யாரும் கொடைக்கானலை விட்டுப் போக முடியாது என்று சஃபீர் அவர் தோளில் கை போட்டான். லாவண்யா ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அவள் வாயை அடைத்தது. வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாக ஒரு கண் சொல்லி அவள் பார்த்ததில்லை.

தாம்பாளம் அவள் முன்னால் வந்தது.

“எடுத்துக்கங்கம்மா,” என்றார் அப்பா.

பெற்ற மகளை அவர் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் கூட்டத்தோடு நின்றாள். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் சஃபீர் வாசல் கல்மேல் ஏறி நின்றுவிட்டான். அவன் முகத்தில் இருந்த விளையாட்டுத்தனம் போயிருந்தது. நன்றாகக் கதை சொல்லக்கூடியவன் அவன்.

“அவங்க பேர் நமக்கு வேண்டாம். திருமதி எஸ்னு வெச்சுக்குவோம்,” என்று ஆரம்பித்தான்.

திருமதி எஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. இரண்டாவது பிள்ளை. சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் முதல் தடவை மாதிரி இல்லை என்று மட்டும் தெரிந்தது. கணவன் அன்றைக்குச் சந்தையிலிருந்து திரும்பி வந்திருந்தான். வரும்போதே குடித்திருந்தான். வீட்டுக்கு வந்தும் குடித்தான். அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், கையில் கிளாஸ். அவள் கூப்பிடுகிறாள். அவன் எழுந்திருக்கவில்லை.

“அவன் என்ன சொன்னான் தெரியுமா?” சஃபீர் குரலைத் தாழ்த்தினான். “மொதப் பிள்ளை இந்த வீட்டுலதானே பொறந்துச்சு, விடியட்டும் பாத்துக்கலாம். அவ்வளவுதான். விடியற வரைக்கும் அவங்க கத்திக்கிட்டே இருந்தாங்க. நம்ம பாடத்துல முதல் தாமதம்னு படிப்பீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுலயே ஆகுற தாமதம். அது இங்கே, இந்த வாசலுக்கு உள்ளே.”

அந்த முதல் பிள்ளை கையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள்.

யாரோ ‘ச்சே’ என்றார்கள். இரண்டு பெண்கள் எட்டி வீட்டுக்குள் பார்த்தார்கள். அடுப்பு தெரிந்தது. ஃபவாஸுக்குக் கோபம் தாங்கவில்லை. அந்தாள் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டான். அதெல்லாம் நமக்குத் தேவையில்லை, பேரை மறைப்பது நம்முடைய ஒழுக்கம் என்றான் சஃபீர். ஃபவாஸின் காலி டம்ளரை சுப்புராஜ் வாங்கித் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்தார்.

பேரை அவ்வளவு நன்றாக மறைத்திருந்தார்கள். தெரிந்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். வகுப்புக்குப் பின் வகுப்பாக மாணவர்கள் படித்து முடித்துப் போனார்கள். கடைசியில் திருமதி எஸ் யார் என்று கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. இந்த வாசலில்தான் முதல் பகுதியைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் வழக்கமாக நின்றது. காப்பி கொடுக்கிறவர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பொய் என்று லாவண்யா நினைத்தாள். அப்பாவை அவள் குடித்துப் பார்த்ததே இல்லை. இவ்வளவு பேர் முன்னால் இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறார்கள், இவர் டம்ளர் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு வார்த்தை, இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அவள் அவரையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அடுத்த சடங்கு தொடங்கியது. மூங்கில் கழியின் இரு முனைகளிலும், ஜீப்பிலிருந்து எடுத்து வந்த கம்பளியைத் தூளி மாதிரிக் கட்டினார்கள். டோலி. திருமதி எஸ்ஸைப் பாலம் வரை தூக்கிப்போனது இப்படித்தான். புது மாணவர்களில் ஒருவர் அதில் படுக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் நடக்க வேண்டும். ஊரின் வாலிபப் பையன்கள் எல்லாம் வட்டக்கானல் விடுதிகளில் வேலைக்குப் போய்விட்டதால் தூக்குவதற்கு சுப்புராஜும் அவர் வயதுக்காரர் ஆண்டிச்சாமியும்தான் மிச்சம். அதனால் உடம்பு மெலிந்த ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றான் சஃபீர்.

லாவண்யா தானாகவே முன்னால் வந்தாள். அந்தக் கழிக்குக் கீழே படுத்தால்தான் அப்பாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்க முடியும்.

“அந்தப் புள்ள வேண்டாம் தம்பி,” என்றார் சுப்புராஜ்.

“ஏன் அண்ணே, இவங்கதான் இருக்கிறதுலயே வெயிட் கம்மி. பஞ்சு மாதிரி இருக்காங்க.”

ஆண்டிச்சாமி அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏலே சுப்பு, சொல்லிரலாம்ல,” என்று முணுமுணுத்தார். உன் சோலியப் பாரு என்று சுப்புராஜ் பல்லைக் கடித்தார். கழி தோளில் ஏறியது.

ஏற்றத்தில் தலை மேல்பக்கமாக இருக்க வேண்டும் என்பதால் ஆண்டிச்சாமி முன்னால் போனார், சுப்புராஜ் கால்மாட்டில் பின்னால் வந்தார். கம்பளி இரண்டு பக்கமும் முகத்தை மூடியது. புகை நாற்றம் அடித்தது. லாவண்யா விரலால் அதை விலக்கியபோது அப்பாவின் முகம் நேர் எதிரே தெரிந்தது. மலை ஏறிப் பழகாத மாணவர்கள் கொஞ்ச நேரத்திலேயே பின்தங்கிவிட்டார்கள்.

“அப்பா.”

“பேசாத பாப்பா. மூச்சு வாங்குது.”

“அவங்க சொன்னது அம்மாவையா?”

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு வளைவு கடந்துவிட்டது. “ஆமா.”

“அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்களா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அவங்களைக் கேக்கலப்பா. உங்களைக் கேக்குறேன்.”

சுப்புராஜ் தோளை மாற்றிக்கொண்டார். பிறகு விட்டு விட்டு, மூச்சுக்கு மூச்சு இடைவெளி கொடுத்துச் சொன்னார். அம்மாவைப் புதைத்த அதே வாரத்தில் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். குழந்தைக்கு என்று பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்கள். தாமதம் ஆனதா? ஆமாம். விடியட்டும் என்று இருந்தீர்களா? ஆமாம். குடிப்பீர்களா? ஆமாம். அன்றைக்குக் குடித்திருந்தீர்களா? ஆமாம்.

“நீதான் அவ கழுத்தை நெரிச்சியான்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன் அப்ப,” என்றார்.

“அப்ப அது பொய்தானே?”

“பொய்யின்னு சொல்ல முடியலயே. சந்தைக்குப் போனா குடிக்கிறதுதான் அந்த நாளுல. அதுக்கப்புறம்தான் விட்டேன். ஆனா அன்னைக்குச் சந்தைக்குப் போனேனா, முந்தின நாளு போனேனா, அது புடிபடல.” டோலி ஒரு பாறையில் உரசியது. அவர் நிதானித்தார். “மொதல்ல ரெண்டு மூணு வருசம், இந்தத் தம்பிங்க சொல்லயில, இப்படி இல்லையேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லும். அப்புறம் அது சொல்றதை நிறுத்திருச்சு. இப்ப கண்ண மூடுனா அடுப்பு ஓரத்துல உக்காந்திருக்கேன். கையில கிளாசு இருக்கு. அவ கூப்பிடுறா. நல்லாத் தெரியுது பாப்பா. நடந்ததுதான் தெரியுதா, இவங்க சொல்லிச் சொல்லித் தெரியுதான்னுதான் தெரியல.”

லாவண்யா கம்பளியை இன்னும் விலக்கினாள். தலையைத் திருப்பி, மாமா, உங்களுக்குமா தெரியாது என்று முன்னால் போகிறவரைக் கேட்டாள். என்னை வெள்ளனே வந்து கூப்பிட்டான், நான் ஓடி வந்து கழியைப் பிடித்தேன், அதற்கு முந்தி வீட்டுக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் தாயி என்றார் ஆண்டிச்சாமி. வலி எடுத்ததே விடியும்போதுதானா, இல்லை ராத்திரி முழுக்க அவள் கத்தினாளா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தத் தம்பிகள் சொல்வதைத்தான் சொல்லுவார்கள் என்றார்.

“இப்படிப் பேசுறதைக் கேக்க எதுக்குப்பா வருஷா வருஷம் வர்றீங்க?”

“வேற எங்க பாப்பா அவளைப் பத்திப் பேசுறாங்க?”

ஓடை வந்தது. டோலியைப் பாறைமேல் இறக்கினார்கள். பின்தங்கியவர்கள் ஒவ்வொருவராக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். சஃபீர் இரண்டாவது பகுதியைச் சொன்னான். மழையில் ஓடை பெருகிக் கிடந்தது. கணவனுக்குப் போதை தெளியவில்லை. இந்த இடத்தில்தான் கால் தடுமாறினான். டோலி சாய்ந்தது. திருமதி எஸ் தண்ணீரில் நனைந்தாள்.

கம்பளிக்குள் கிடந்தபடியே லாவண்யா கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஞாபகம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. டார்ச் லைட் ஒன்று இருட்டில் ஓடுகிறது. பாக்கியம், பாக்கியம் என்று அப்பாவின் குரல். அவர் ஓடுகிறார், மலையேறி ஆட்களைக் கூப்பிட ஓடுகிறார். இத்தனை வருடமும் அப்பா என்றால் அவளுக்கு அந்த ஓட்டம்தான். இப்போது அதைக் கொண்டு வந்து நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

டார்ச் வந்தது. குரல் வந்தது. ஆனால் ஓடுகிற மனிதன் தடுமாறினான். இல்லை என்று அவள் அவனை நிமிர்த்தினாள். மறுபடியும் தடுமாறினான். மூன்றாம் தரம் பார்த்தபோது டார்ச்சே இல்லை. அடுப்பு இருந்தது, அதன் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், கையில் கிளாஸ். ஒரு காலை நேரத்தில், ஒரே ஒரு தரம் கேட்ட கதை அவளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. பதினேழு வருடம் கேட்டவரின் கதி என்ன? அவள் கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பாலத்தருகே டோலியை இறக்கி வைத்தார்கள். வண்டிக்குக் காத்துக் கிடந்த திருமதி எஸ்ஸும் வயிற்றுப் பிள்ளையும் இறந்தது இந்த இடத்தில்தான் என்று சஃபீர் கதையை முடித்தான். எல்லாரும் வட்டமாக நின்றார்கள். வரவேற்பின் கடைசிக் கட்டம் இது. இந்தச் சாவை எங்கே தடுத்திருக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். சொன்னதும் ரோஷன் பேகம் அவர்கள் சட்டையில் கல்லூரிப் பெயர் பொறித்த பட்டையைக் குத்திவிடுவார்.

ரோடு என்றாள் ஒருத்தி. ஊரில் ஒரு நர்ஸ் இருந்திருக்க வேண்டும் என்றான் ஒருவன். பெண்ணின் பேச்சுக்கு வீட்டில் மதிப்பில்லை என்றாள் இன்னொருத்தி. ஃபவாஸின் முறை வந்தது.

“ரோடு, நர்ஸ் எல்லாம் அப்புறம் மேடம். அந்தக் கணவன்தான் கொன்னுருக்கான். அவனை ஜெயில்ல போட்டிருக்கணும்.”

இரண்டு பேர் தலையாட்டினார்கள். சுப்புராஜ் கட்டைச் சுவரோரம் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை நிற்கவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தார்.

லாவண்யா வட்டத்துக்குள் வந்தாள். பதில் சொல்வதற்குப் பதிலாக சஃபீரைப் பார்த்து, அவர் குடித்திருந்தார் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

“எங்க சீனியர்.”

“அவங்களுக்கு?”

“அவங்க சீனியர்.” சஃபீர் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “அப்படித்தானே வரும்.”

“கையில கிளாஸ் இருந்துச்சுன்னு?”

“அது… போன வருஷம் சொல்லும்போதே இருந்துச்சு.”

“ஓடையில தடுமாறினார்னு?”

அவன் ரோஷன் பேகத்தைப் பார்த்தான். அவர் பட்டையைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றார்.

“திருமதி எஸ்ஸோட பேர் சிவபாக்கியம்,” என்றாள் லாவண்யா. “எங்க அம்மா. அந்த மொதப் பிள்ளை நான். கணவர் இவர்தான். உங்களுக்கெல்லாம் காப்பி குடுத்தவர்.”

பின்னால் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபவாஸ் அப்படியே வெளிறிப்போனான். தட்டுத்தடுமாறி சுப்புராஜின் அருகில் போய் ஏதோ சொல்ல முயன்றான். அவர் அவன் கையைப் பிடித்து, நீங்க கேட்டதைத்தானே சொன்னீங்க தம்பி, இதில் என்ன இருக்கிறது என்று தேற்றினார். அதற்குப் பிறகுதான் அவன் அழுதான்.

ரோஷன் பேகம் மெதுவாகக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் விசாரித்தவர்கள் எழுதியது ஏதாவது இருக்குமா என்று லாவண்யா கேட்டாள். எழுதி வைக்கும் வழக்கமே இல்லையம்மா என்றார் அவர். விசாரித்தவர்கள் இருவருமே இப்போது உயிரோடு இல்லை. சான்று இல்லாமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று திங்கட்கிழமை முதல் வகுப்பில் சொல்லப்போகிறவர் அவர்தான். அந்த நினைப்பு அவர் முகத்தில் ஓடியது தெரிந்தது. கெட்ட மனுஷி இல்லை. சால்வை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று எழுந்து சுப்புராஜின் முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, எங்க மேலதான் தப்பு. நீங்க சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை அப்படியே சொல்லுங்க. இந்த நிமிஷத்துலேருந்து அதைத்தான் சொல்லிக் குடுப்போம். நான் பொறுப்பு.”

எல்லாரும் சுப்புராஜைப் பார்த்தார்கள். ஒரு வாய் வார்த்தை போதும். நான் குடிக்கவில்லை என்றால் குடிக்கவில்லை. ஓடினேன் என்றால் ஓடினேன். அந்த ராத்திரியைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை என்பதை லாவண்யாவும் ஆண்டிச்சாமியும் மட்டும்தான் அறிவார்கள்.

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா பாப்பா? நீயும் வீட்டுலதானே இருந்த.”

எத்தனையோ வருடமாக அவர் அதைக் கேட்கக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பழனிக்கு வரும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ கேட்க வாயெடுப்பார். பிறகு, பரீட்சையில் எவ்வளவு மார்க் என்று கேட்பார்.

சொல்லிவிடலாம். நீங்கள் ஓடினீர்கள் அப்பா, நான் பார்த்தேன் என்று சொன்னால் போதும். அதை எடுத்துக்கொண்டு மீதிக் காலத்தை அவர் ஓட்டிவிடுவார். மேடம் நம்புவார், சஃபீர் மனப்பாடம் செய்துகொள்வான், அடுத்த வருடம் அந்த வாசலில் நின்று அதையே சொல்லுவார்கள். அவள் கண்ணை மூடினாள். ஓடுகிற மனிதனைத் தேடினாள். அடுப்பு ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கள் அப்பா என்று மனதுக்குள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“நான் தூங்கிட்டேம்பா,” என்றாள்.

சுப்புராஜ் தலையை ஆட்டினார். “சின்னப் புள்ள. தூங்கத்தானே செய்வ,” என்றார்.

அவர் குனிந்து கம்பளியைக் கழியிலிருந்து அவிழ்த்தார். உதறி, நாலாக மடித்து, ஜீப்பின் பின்பக்கத்தில் வைத்தார். மழை இறங்குகிறது, வெரசாக் கெளம்புங்கம்மா என்று பொதுவாகச் சொன்னார். கழியை ஆண்டிச்சாமி தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கீழே இறங்கத் தொடங்கினார்கள். ரோஷன் பேகத்தின் கையில் இருந்த பட்டையை யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் குத்தவில்லை.

முதல் வளைவில் அப்பா ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார் என்று லாவண்யா நினைத்தாள். அவர் பாதையைப் பார்த்தே நடந்துபோனார்.